சுவரில் தொங்கும் ரேடியேட்டர்

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா
9 அக்டோபர் 1960

அன்புத் தங்கை லவோனுக்கு,

அண்ணன் கிளோவிஸ் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளை ஹோலிஸும் நலமா? கோழிகள் நலமா? இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வாய், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உன் ரேடியேட்டரும் நலம். ஷெட்டில் வடக்குச் சுவரில், முதல் நாள் மாட்டிய அதே ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமை தோறும் தூசி தட்டுகிறேன்.

போன ஞாயிறு ஃபமோசோ பந்தயப் பாதையில் கால் மைலை ஒன்பதே முக்கால் வினாடியில் ஓடினோம். 'ஓடினோம்' என்பது பேச்சுக்கு. உள்ளே உட்கார்ந்தது நான் ஒருவன். கூட்டாளி டெல்பர்ட் தன் லாரியால் பின்னாலிருந்து முட்டித் தள்ளி எஞ்சினைக் கிளப்பிவிட்டதோடு சரி. ஃபிரெஸ்னோவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏங்க, இதுல ரேடியேட்டரையே காணோமே, யாராவது களவாண்டுட்டாங்களா?" என்று கேட்டார். டெல்பர்ட் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "அது இவன் தங்கச்சி சொத்துங்க. வீட்ட விட்டு வெளிய எடுக்கமாட்டான்" என்றான். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒன்பது வினாடி ஓட்டத்துக்கு ரேடியேட்டர் எதற்கு? எஞ்சினுக்குள் நிற்கிற தண்ணீர் கொதிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். வீணாக எடையைச் சுமப்பானேன்?

உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. நாலு வருடம் திராட்சைக் கொட்டகையில் பெட்டி அடுக்கிச் சேர்த்து வாங்கிய கிறைஸ்லர். கல்யாணமாகி ரயிலேறும்போது அதை என் பொறுப்பில் விட்டாய். எஞ்சினைப் பந்தயக் காருக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று நான்தான் வெட்கமில்லாமல் கேட்டேன். "எடுத்துக்கோண்ணா. ஆனா நான் கேக்குற அன்னிக்கு என் கார் முழுசா ரோட்ல நிக்கணும்" என்றாய். ரேடியேட்டரை இறக்கு என்று ஒரு வரி எழுது. ஒரே வாரத்தில் எஞ்சினை மாட்டி, மொன்டானாவுக்கே ஓட்டிவந்து சாவியைக் கையில் கொடுக்கிறேன். மீதிக் கார் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் தூங்குகிறது.

அடுப்பங்கரையில் ஒரே ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருக்கிறது. சோம்பேறிக்கு நல்ல வாழ்க்கை. அடிக்கடி எழுது.

பாசமுள்ள அண்ணன்,
கிளோவிஸ்

---

ஷெல்பிக்கு வடக்கே, மொன்டானா
2 நவம்பர் 1960

அன்புள்ள அண்ணாவுக்கு,

லவோன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் உன் ஒற்றைத் தட்டின் நலமும் அறிய ஆவல். ரேடியேட்டரைத் தூசி தட்டுவதற்கு நன்றி. துணியால் தட்டு, துடைப்பத்தால் வேண்டாம்.

உன் கடிதத்தை ஹோலிஸ் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பந்தயக் கதை முடிந்ததும் கொட்டாவி விட்டு மீதியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஷெல்பியிலிருந்து எங்கள் தபாலை அவருடைய சித்தப்பா மகன் எர்னிதான் கொண்டுவருகிறார். நான்கு மைல் தள்ளி, பிரதான சாலை சேரும் இடத்தில் அவர் வீடு. அதைத் தாண்டி நகரத்துக்கு இன்னும் ஏழு மைல். நான் எழுதுவதையும் எர்னிதான் கொண்டுபோய்ப் போடுகிறார். எவ்வளவு உதவி பார்.

பனி தொடங்கிவிட்டது. ஹோலிஸ் தண்டவாள வேலைக்குப் போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்புகிறார். இந்த முறை போகும்போது எங்கள் பிக்கப் வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துப் போனார். ஒழுகுகிறதாம், பற்றவைக்க வேண்டுமாம். அது ஒழுகி நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு என்ன தெரியும்? "பனிக்காலத்துல பொம்பளைக்கு எங்க போற வேலை?" என்கிறார். அதுவும் சரிதான். சமையலுக்கு வேண்டியதெல்லாம் எர்னி வாங்கிவந்து போடுகிறார்.

கோழி பதினொன்று. இரண்டு முட்டையிடுவதில்லை. கையில் வேலை இல்லாதபோது உன் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். இன்னும் நீளமாக எழுது.

உன் தங்கை,
லவோன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்
25 நவம்பர் 1960

அன்பான லவோன்,

நலமா? நான் நலம்தான், மூடுபனியைத் தவிர. ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வர இருபது அடி. நேற்று வாசற்படி தெரியாமல் வேலியில் போய் முட்டிக்கொண்டேன்.

உன் பிக்கப்புக்கு ரேடியேட்டர் இல்லை என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அப்படியானால் உன்னிடமும் ஒரு பந்தயக் கார் இருக்கிறது! டெல்பர்ட்டிடம் சொன்னேன். "நிறுத்துறதுக்குப் பாராசூட் ஒண்ணு தச்சுக்கச் சொல்லு" என்றான். மாப்பிள்ளை பற்றவைக்கக் கொடுத்தது இதற்குள் வந்திருக்குமே?

நேற்று நன்றி தெரிவிக்கும் நாள். டெல்பர்ட் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். நான் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் முன்மேஜையில் உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டேன். பரிமாறிய பெண் "இன்னும் யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள். பழக்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்துவிட்டாள். வெட்கப்பட்டு அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து ரேடியேட்டரிடம்தான் சொன்னேன். அது யாரிடமும் சொல்லாது.

அன்புடன்,
கிளோவிஸ் அண்ணன்

---

ஷெல்பிக்கு வடக்கே
14 டிசம்பர் 1960

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. வலது கையில் மூன்று விரல் நுனி குளிரில் வெந்துவிட்டது. கோழிக்கூண்டுக்குப் போனவள் கொஞ்சம் அதிக நேரம் வெளியே இருந்துவிட்டேன். எர்னிதான் பார்த்து, காரில் ஏற்றி, வீட்டில் கொண்டுவந்து விட்டார். நகம் திரும்ப முளைக்கும் என்கிறார்கள்.

பிக்கப்பின் ரேடியேட்டர் இன்னும் வரவில்லை.

உன் பந்தயக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ரேடியேட்டர் இல்லாமல் அது எப்படி ஓடுகிறது என்று ஒழுங்காகச் சொல்ல மாட்டாயா? எத்தனை நேரம் ஓடும்? நிறுத்தியபின் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்? போதும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது? சாதாரண வண்டியாக இருந்தால், மெதுவாக ஓட்டினால் எவ்வளவு தூரம் போகும்? படம் போட்டு எழுது. இங்கே சாயங்காலம் நீளமாக இருக்கிறது, படிக்க ஏதாவது வேண்டும்.

இரண்டாவது தட்டு வைத்தார்கள் என்றாயே, அதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. ஹோலிஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

என் ரேடியேட்டர் நலமா?

லவோன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்
2 ஜனவரி 1961

என் அருமைத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து, உனக்கும் மாப்பிள்ளைக்கும். ரேடியேட்டர் நலம். கோழிக்காக விரலைக் கொடுப்பவளை இப்போதுதான் பார்க்கிறேன்! வெதுவெதுப்பான தண்ணீரில் வை, சூடு வேண்டாம்.

பதினாறு வயதிலிருந்து நான் எஞ்சின் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போய்விடுவாய். இப்போது நீயே கேட்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று முறை படித்தேன். படம் பின்பக்கத்தில் இருக்கிறது.

ரேடியேட்டருக்குப் போகிற மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் எடுத்து, நடுவில் ஒரு தகரக் குழல் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஆவி போக ஒரு சின்னத் துளை கட்டாயம் வேண்டும். அதை அடைத்தால் குழாய் வெடித்து முகத்தில் அடிக்கும். என் கார் தள்ளுவதிலிருந்து கோடு தாண்டுவதுவரை மொத்தமே ஒரு நிமிடம்தான் உயிரோடு இருக்கிறது. அதற்குமேல் எரிசாராயம் வேறு போடுகிறேன், அது எரியப் போகும்போதே எஞ்சினைக் குளிர்விக்கும். உன் பிக்கப் மாதிரி சாதுவான வண்டி, பெட்ரோல்தான், ஆனால் உங்கள் ஊர்க் குளிரில் மெதுவாகப் போனால் இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். ஒரு மைல் என்று வை. வெப்பமுள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் வந்ததும் அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டவன் எல்லாம் எஞ்சினை எடைக்குப் போட்டிருக்கிறான். சரிவு கிடைத்தால் அணைத்துவிட்டு உருள விடு. அந்தத் தூரம் இனாம்.

மறுபடி எப்போது கிளப்பலாம் என்பதற்கு என் உள்ளங்கைதான் கடிகாரம். இரும்பில் கையை வைத்துப் பத்து எண்ணு. பத்துவரை வைத்திருக்க முடிந்தால் கிளப்பலாம். அதற்குமுன் எக்காரணம் கொண்டும் பச்சைத் தண்ணீரை ஊற்றாதே. சூட்டு இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் எஞ்சின் சுவர் விரிசல் விட்டுவிடும். அவசரப்படுகிறவனுக்கு இந்தத் தொழில் ஆகாது.

டெல்பர்ட் இதைப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி அங்க போட்டிக்கு ஒரு டீம் ஆரம்பிக்கிறாடா, மார்ச்சுல நம்மளத் தோக்கடிக்க வர்றா" என்கிறான். மார்ச் முதல் வாரம்தான் பெரிய பந்தயம். நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள். ஒரு சுற்றாவது ஜெயிக்க வேண்டும், லவோன். ஒரே ஒரு சுற்று. நாற்பதை நெருங்குகிறேன், எதையும் ஜெயித்ததில்லை.

இன்னும் ஏதாவது கேள்.

கிளோவிஸ் அண்ணன்

---

ஷெல்பிக்கு வடக்கே
22 ஜனவரி 1961

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நீளக் கடிதம் கிடைத்தது. ஹோலிஸ் முதல் பக்கத்தோடு "வெட்டிப் பேச்சு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரேடியேட்டரைச் சுவரிலிருந்து இறக்கிவிடு.

உன் தங்கை,
லவோன்

---

ஷெல்பிக்கு வடக்கே
19 பிப்ரவரி 1961

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. நான் எழுதியது கிடைக்கவில்லையோ என்று சந்தேகம். எர்னி போட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார்.

ஒரே வரிதான் எழுதியிருந்தேன். உனக்கு நினைவிருக்கும்.

விரல் ஆறிவிட்டது. கோழி ஒன்பது.

லவோன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்
27 பிப்ரவரி 1961

அன்பான லவோன்,

நலமா? நான் நலம். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். மூடுபனி, பட்டறையில் வேலை அதிகம், மார்ச் பந்தயம் வேறு.

நீ எழுதியபடி ரேடியேட்டரை இறக்கிவிட்டேன். துடைத்து, பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். எஞ்சின் இதற்குமுன் இருந்ததைவிட உறுதியாக இருக்கிறது. பந்தயம் முடியட்டும், மற்றதைப் பேசுவோம்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

கிளோவிஸ்

---

ஷெல்பிக்கு வடக்கே
5 மார்ச் 1961

என் அன்பு அண்ணாவுக்கு,

இறக்கிவிட்டாயா! அதைப் படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்தேன், ரொட்டி கருகிவிட்டது. ஹோலிஸுக்குக் கோபம். போகட்டும்.

இன்று உன் பெரிய பந்தயம். காலையிலிருந்து உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சுற்றை ஜெயித்திருப்பாய். என் எஞ்சின் அல்லவா?

மார்ச் கடைசியில் சாலையில் பனி இளகும். உருகும் தண்ணீர் தண்டவாளத்தை அரிப்பதால் ஹோலிஸுக்கு அப்போது வேலை மூன்று வாரம் நீளும் என்கிறார்கள். என்று கிளம்புகிறாய் என்று மட்டும் எழுது. பெட்டியில் என் இரண்டு கவுனையும் அம்மாவின் கடிகாரத்தையும் அடுக்கி வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன், முன்கூட்டி அடுக்கினால் நடக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

இந்தக் கடிதத்தை எர்னி வருமுன் சாலையில் போன பால்வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன்.

உன் லவோன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்
13 மார்ச் 1961

லவோன்,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி பதினைந்து, ஃபமோசோவில் ஒரு சாதாரண ஞாயிறு. அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. எஞ்சினில் கை வைத்தேன், நான்குவரைகூட எண்ண முடியவில்லை. டெல்பர்ட், "பொறுடா, பொறு, போனாப் போகட்டும்" என்றான். நான் வாளித் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். எந்தக் காரியத்தைச் செய்யாதே என்று இரண்டு வாரம் முன்பு உனக்குப் படம் போட்டு எழுதினேனோ, அதையே செய்தேன். இரண்டாவது சிலிண்டரின் சுவர் விரிசல் விட்டுவிட்டது.

அப்போதுகூட உன் கார் போய்விடவில்லை. சுவருக்குள் இரும்பு உறை அடித்து, பற்றவைத்திருந்தால் சாலைக்கு ஆகியிருக்கும். ஆனால் மார்ச்சுக்குத் தாங்காது. பந்தயக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிற்கிற இடம் முழுவதும் சிமெண்டை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். சுவர் அசையாது. அப்புறம் அதற்குள் தண்ணீருக்கு இடம் கிடையாது, ஒரு நிமிடத்துக்குமேல் ஓடினால் வெந்துபோகும். ஊற்றினால் ஊற்றியதுதான். திரும்ப எடுக்க வழி இல்லை.

ஜனவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை. வாளியில் கலவை தயார். ஊற்றும்போது காற்றுக் குமிழி நிற்காமல் தட்டிவிட டெல்பர்ட் ரப்பர் சுத்தியலோடு நிற்கிறான். தபால்காரர் உன் கடிதத்தை நீட்டினார். படித்தேன். சட்டைப் பையில் வைத்தேன்.

"யாருகிட்டேர்ந்து?" என்றான்.

"தங்கச்சி."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரேடியேட்டரை விசாரிச்சிருக்கா."

பிறகு ஊற்றினேன். விளிம்புவரை. கலவை இறுகிவிடும், அதனால் அவசரப்பட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஒரு வாளிச் சிமெண்டை மண்ணில் கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மார்ச் வேண்டியிருந்தது. உனக்குப் புருஷன் இருக்கிறான், வீடு இருக்கிறது, கார் இன்னும் ஒரு வருடம் பொறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றை ஜெயித்தேன். கோட்டைத் தாண்டி, பாராசூட் இழுத்து நின்று, தலைக்கவசத்தைக் கழற்றினேன். பாதையின் அந்தக் கோடியில் புல்லைத் தவிர யாரும் இல்லை. டெல்பர்ட் லாரியோடு வர ஐந்து நிமிடம் ஆகும். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் சட்டைப் பையைத் தொட்டேன், உன் கடிதம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மறுபடி படித்தேன். காரைக் கேட்கிறவள் கார் என்றல்லவா எழுதுவாள்? நீ கேட்டது காரை அல்ல, அங்கிருந்து கிளம்ப ஒரு வழியை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அடுத்த சுற்றில் தோற்றேன். வருத்தமே வரவில்லை.

அப்புறம் உன் ஐந்தாம் தேதிக் கடிதம் வந்தது. ரொட்டி கருகியதைப் படித்துவிட்டு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு எஞ்சின் தேடுகிறேன். கிடைத்து மாட்ட ஜூன் ஆகிவிடும். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுவாயா? எழுத முடியாது என்றால், முடியாது என்றாவது எழுது.

கிளோவிஸ்

---

ஹல்டா ராஸ்முசன் விடுதி, ஷெல்பி
1 ஏப்ரல் 1961

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம். கல்யாணமான பிறகு யாருக்கும் பயப்படாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

உன் கடிதத்தை எர்னி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தான். "கார் வராதாமே, பாவம்" என்றான். பின்கட்டில் உட்கார்ந்து சாயங்காலம்வரை அழுதேன். உன்மேல் வந்த கோபத்தில் உன் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட எடுத்தேன். ஜனவரிக் கடிதம் மேலே இருந்தது, படம் தெரிந்தது. போடவில்லை.

பிக்கப்பின் ரேடியேட்டருக்கு எந்தக் கேடும் இல்லை, அண்ணா. ஹோலிஸ் அதைக் கழற்றி எர்னி வீட்டில் வைத்துவிட்டான். பிக்கப் என் பணத்தில் வாங்கியது, காகிதம் என் பெயரில் இருக்கிறது. அதனால் வண்டியை எடுத்துப்போக முடியவில்லை, அதன் உயிரை மட்டும் எடுத்துப்போனான். டிசம்பரில் நான் கோழிக்கூண்டுக்குப் போகவில்லை. நகரத்துக்கு நடந்தேன். எர்னி வீட்டைத் தாண்டும்போது அவன் வெளியே வந்து, "அண்ணி, இந்தக் குளிர்ல எங்க கெளம்பிட்டீங்க?" என்று மரியாதையாகக் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அன்றைக்கு ராத்திரி ஹோலிஸ் என்ன செய்தான் என்று எழுத மாட்டேன். நேரில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 29, புதன். ஹோலிஸ் போய் ஐந்து நாள். அடுப்புப் புகைக்குழாயிலிருந்து ஒரு துண்டு தகரம் வெட்டினேன். இரண்டு குழாயையும் சேர்த்துக் கட்டினேன். ஆவிக்குத் துளை போட்டேன். பால்கேனில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து ஊற்றினேன், பச்சைத் தண்ணீர் இல்லை. பத்து மணிக்குக் கிளம்பினேன். முதல் மைலில் முள் ஏறியது, ஒரு விரல் இருக்கும்போது அணைத்தேன். இறங்கி மூடியைத் திறந்து கையை வைத்தேன். மூன்றுகூட எண்ண முடியவில்லை. நடுச்சாலையில், சுற்றிலும் பனி, ஒரு காக்கைகூட இல்லை. உன்னைப்போல அவசரப்படக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று பத்து எண்ண.

நான்காவது மைல் மேடு உனக்குத் தெரியாது. அந்த மேட்டிலிருந்து எர்னி வீட்டைத் தாண்டி இறங்கும்வரை சரிவு. உச்சியில் எஞ்சினை அணைத்தேன். சத்தமே இல்லாமல் உருண்டேன். அவன் சாப்பாட்டு நேரம், ஜன்னலில் அவன் முதுகு தெரிந்தது. மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாசல், அவன் தபால் பெட்டி, அவன் நாய். நாய் எழுந்து என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை. இரண்டரைக் கோழி இறகு எடைதான் அப்போது எனக்கு. அந்த இனாம் தூரத்துக்கு உனக்கு நன்றி.

பதினொரு மைலுக்கு ஐந்து மணி நேரம். ஒன்பது முறை நின்றேன், ஒன்பது முறையும் பத்துவரை எண்ணினேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

ஹல்டா அம்மாள் இந்த விடுதியை நடத்துகிறார், கீழே சாப்பாட்டுக் கடை. நான் ஆவி பறக்கும் பிக்கப்போடு வாசலில் நின்றதும் வெளியே வந்தார். "ஏம்மா, இதென்ன, டீ கெட்டிலையா ஓட்டிட்டு வர்ற?" என்றார். ஒன்றும் கேட்காமல் அறை கொடுத்தார். "அந்தாளு வந்தா வாசல்லயே நிறுத்தி வெச்சுப் பேசுறேன். என் தோசைக்கல் அடுப்பு மேலயே இருக்கும், கையும் பக்கத்துலயே இருக்கும்" என்கிறார். அப்பம் சுடுகிற கல், ஆனால் கனம்தான். இங்குள்ள கராஜ்காரர், "ஹோலிஸ் ஒரு வார்த்தை சொல்லாம நான் அந்த வண்டியத் தொடமாட்டேன்மா" என்றுவிட்டார்.

பஸ்ஸில் வந்துவிடேன் என்று சொல்வாய். மாட்டேன். போகும்போது ஒருவன் என்னை ரயிலில் கூட்டிப்போனான். வரும்போது நானே ஓட்டிக்கொண்டு வருவேன்.

என் எஞ்சினுக்காக உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியவில்லை. அந்த ஒரு சுற்று ஜெயித்தாயே, அதற்கு மட்டும் சந்தோஷம்.

போர்வையில் சுற்றி வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு வா. ஹோலிஸ் பதினான்காம் தேதி திரும்புகிறான்.

லவோன்

---

பஸ் நிலையம், இடஹோ ஃபால்ஸ்
7 ஏப்ரல் 1961

லவோன்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, பக்கத்தில் பேச ஆள் இல்லை. இத்தனை வருடமும் அப்படித்தான் உனக்கு எழுதியிருக்கிறேன் போல. என் தனிமையை உனக்கு எழுதினேன், உன்னுடையதைப் படிக்கவே இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே பட்டறையில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பந்தயக் காரை டெல்பர்ட் எடுத்துக்கொண்டான். "திரும்பி வந்து கேப்பேல்ல?" என்றான். கேட்கமாட்டேன் என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தங்கச்சி ஒன்பது தடவையும் பத்து எண்ணிச்சாடா? நீ ஒரு தடவ எண்ணியிருக்கலாம்ல" என்றான்.

உன் பிக்கப்பில் இந்த ரேடியேட்டர் நேராகப் பொருந்தாது, அகலம் அதிகம். இரண்டு இரும்புப் பட்டை, கொஞ்சம் கம்பி, மூன்று அளவில் ரப்பர் குழாய் கொண்டுவருகிறேன். அரை நாள் வேலை. அதன்பிறகு நீ ஓட்டு. உனக்குச் சம்மதம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். இல்லை என்றால் மாட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவேன், பின்னாலேயே.

இதைப் பெட்டிகளோடு பஸ்ஸின் அடியில் போடச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. நேற்று நெவாடாவில் ஏறும்போது டிரைவர் என்னையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, மீதிக் கார் எங்க?"

"மொன்டானாவுல இருக்குங்க. என் தங்கச்சிகிட்ட" என்றேன்.

ரேடியேட்டர் நலம். மடியில் இருக்கிறது.

கிளோவிஸ்